மஞ்சள் கோட்டுக்கு உட்பட்ட குடும்பம்

எங்கள் தெருவில் ஒரு மணல் லாரி பஞ்சராகி நின்றது. அதனால்தான் சாவிக்காரர் ஜெயிலில் இருக்கிறார். இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் நடுவில் எதையோ விழுங்கிவிட்டேன் என்று என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். நான் எதையும் விழுங்கவில்லை ஐயா. ஜெராக்ஸ் கடைக்காரன் நான். உள்ளதை உள்ளபடி நகல் எடுத்துத்தான் எனக்குப் பழக்கம்.

தெருக்கோடியில் துணை மின்நிலையம். அதன் மதிலுக்கும் சாவிக்காரர் வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து. சந்தின் அகலம் சரியாக ஒரு லாரி. அவர் வீட்டுக்கு நேர் எதிரே என் கடை, கடைக்கு மேலே என் வீடு. இத்தனை வருஷமாக அந்த மின்நிலையம் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது, நாங்கள் பாட்டுக்குப் பிழைத்துக்கொண்டிருந்தோம். அப்புறம் முக்கியக் கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மின்நிலையம், தண்ணீர்த் தொட்டி, டெலிபோன் டவர் எல்லாம் நாட்டின் உயிர்நாடி என்று அறிவித்தார்கள். உயிர்நாடியைப் பாதுகாக்க ஒரு வாரியம். வாரியத்தின் ஜெராக்ஸ் மிஷின் வந்த அன்றே படுத்துவிட்டதால் அந்தச் சட்டம் முழுவதும் என் மிஷின் வழியாகத்தான் பிரதியானது. பக்கம் பக்கமாகப் படித்தேன். சாரம் இவ்வளவுதான்: அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லைக்குள் இருப்பது குற்றம். நீ உள்ளே இருக்கும்போது அங்கே எது கெட்டாலும் நீதான் கெடுத்தாய். இல்லை என்றால் நீதான் நிரூபிக்க வேண்டும்.

எல்லை எது என்று தெரிய வேண்டுமே, அதற்கு மதிலைச் சுற்றி மஞ்சள் கோடு போட வந்தார்கள். கோடு சந்து வழியாகப் போக வேண்டும். சந்தில் லாரி. சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு டிரைவர் பஞ்சர் கடைக்குப் போயிருந்தான். அன்றைக்குள் கோடு போட்டு முடிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. லாரியைத் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. பெயிண்ட் அடிக்கிறவன் சாலையில் நிறுத்திய வண்டியைச் சுற்றிக் கோடு போடுகிற வழக்கம் உண்டல்லவா, அதே வழக்கப்படி லாரியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். லாரியை ஒட்டிச் சாவிக்காரர் வீடு இருந்ததால் வீட்டையும் சுற்றிக்கொண்டு, வாசல் வழியாகத் திரும்பிப்போய் மதிலோடு சேர்ந்துவிட்டார்கள். வாசலில் நின்று வேடிக்கை பார்த்த சாவிக்காரர், கோடு நேராக வரட்டும் என்று தம் செருப்பை நகர்த்தி வழிவிட்டார். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். நல்ல கலர் என்று பாராட்டவும் செய்தார்.

சாயங்காலம் லாரி போய்விட்டது. கோடு காய்ந்துவிட்டது.

மறுநாள் மின்நிலையக் காவலாளி வந்து தலையைச் சொறிந்தான். சாவிக்காரரும் அவனும் நல்ல பழக்கம். மின்நிலையக் கேட்டின் சாவியைத் தொலைப்பது அவன் வேலை, வந்து பூட்டைத் திறந்து கொடுப்பது இவர் வேலை. "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நீங்க உள்ள இருக்கீங்க" என்றான்.

"ஆமாப்பா, வீட்டுக்குள்ளதான் இருக்கேன்."

"அதைத்தாண்ணே சொல்றேன். இருக்கக் கூடாது."

சாவிக்காரர் விழுந்தடித்துக்கொண்டு வாரியத்துக்கு ஓடினார். நானும் கூடப் போனேன். அங்கே பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர். சுத்தமான மேஜை, சுத்தமான மீசை. லாரிக் கதையைப் பொறுமையாகக் கேட்டார். கோடு தவறாகப் போடப்பட்டிருக்கிறது என்பதை உடனே ஒப்புக்கொண்டார். அந்தப் பெருந்தன்மையைப் பார்த்து எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

"கோடு தப்பா இருக்கலாம்" என்றார் அதிகாரி. "ஆனா கோடு இருக்கு. தப்பான கோட்டையே மதிக்காதவன் நாளைக்குச் சரியான கோட்டை மதிப்பானா? அதை யோசிச்சுப் பாருங்க."

அழித்துவிடலாமே என்று கேட்டோம். எல்லைக் குறியை அழிப்பது நாசவேலை, அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது என்றார். அப்படியானால் வீட்டைக் காலி செய்ய வேண்டுமா என்று கேட்டோம். அவர் முகம் வாடிவிட்டது. சட்டம் யாரையும் வீட்டை விட்டுப் போகச் சொல்லவே இல்லை, வீட்டில் இருக்கக் கூடாது என்று மட்டும்தான் சொல்கிறது என்று விளக்கினார். கோட்டை இடம் மாற்ற மனுக் கொடுக்கலாம். மனுவைப் பார்க்க ஆள் வருவார். ஆனால் அவர் உள்ளே சட்டவிரோதமாக யாரும் இல்லாதபோதுதான் வர முடியும். யாரும் இல்லாத வீட்டிலிருந்து வந்த மனுவை எப்படி ஏற்பது என்று அவரே கவலையோடு எங்களைக் கேட்டார்.

சாவிக்காரர் பெண்டாட்டி அப்போது மாசமாக இருந்தாள். கல்யாணமாகி ரொம்ப நாள் காத்திருந்து உண்டான பிள்ளை. அவள் வாய்க்கு எங்கள் தெருவே பயப்படும். புருஷன் வந்து விஷயத்தைச் சொன்னதும், "செருப்பை நகர்த்தி வழிவிட்டீங்கல்ல, நல்லா வேணும்" என்றாள். அப்புறம் உள்ளே போய் அழுதாள். அவள் அழுகிற சத்தம் என் கடை வரைக்கும் கேட்டது.

அந்த வாரமே இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். வீட்டைச் சோதனை போட்டால் என்ன இருக்கும்? சாவிக்காரர் வீட்டில் சாவிதான் இருக்கும். கொத்துக் கொத்தாகச் சாவி, அரம், வளைந்த கம்பிகள். எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் பரப்பி வைத்து, பின்னால் நின்று அதிகாரி போட்டோ எடுத்துக்கொண்டார். நாட்டின் எந்தப் பூட்டையும் திறக்கக்கூடிய கருவிகளோடு உயிர்நாடிக்குப் பக்கத்திலேயே ஒரு கும்பல் குடும்பம் நடத்தி வந்தது என்று பேசினார். முன்பு கேட்டைத் திறந்து கொடுத்ததெல்லாம் முன்குற்றங்கள் ஆயின. காவலாளிதான் சாட்சி. இந்த மனுஷன் கண்ணிமைக்கிற நேரத்தில் திறந்துவிடுவார் என்று அவன் கோர்ட்டில் சொன்னபோது, பாவம், பாராட்டுகிறோம் என்றுதான் நினைத்தான்.

நீதிபதி இளகிய மனசுக்காரர். ஜாமீன் கொடுத்தார். சாவிக்காரர் வழக்கு முடியும்வரை மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. அவர் மனைவி, கர்ப்பிணி என்பதால் கருணை காட்டி, தம் வீட்டு முகவரியிலேயே இருக்க வேண்டும், அதை விட்டு வெளியே போகக் கூடாது. எங்கள் வக்கீல் எழுந்து, அந்த வீடே கோட்டுக்குள்தான் இருக்கிறது, அங்கே இருந்தால் குற்றம், வெளியே வந்தாலும் குற்றம் என்று சொல்லிப் பார்த்தார்.

"ரெண்டு உத்தரவும் தனித்தனியா சரி" என்றார் நீதிபதி. "ரெண்டையும் சேர்த்து ஏன் படிக்கறீங்க?"

அப்படியாகச் சாவிக்காரர் என் கடையில் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்தில் பாய் போட்டுக்கொண்டார். அவள் எதிர்வாசலில். நடுவில் ஒரு தெரு, ஒரு கோடு. புருஷன் பெண்டாட்டி பேச்செல்லாம் ஊருக்கே கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. மாத்திரை போட்டாயா என்று இவர் கத்துவார். போட்டேன், நீங்கள் முதலில் சட்டையை மாற்றுங்கள் என்று அவள் கத்துவாள். குழந்தை உதைக்கிறது என்று அவள் ஒருநாள் கத்தியபோது இவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையை நீட்டினார். கை தெருவின் பாதிக்குக்கூட எட்டவில்லை. காவலாளி விசில் ஊதினான்.

என் வீட்டுக்காரி அவளுக்குச் சமைத்துக் கொடுத்தாள். அதிலும் சிக்கல். கோட்டுக்குள் போகிற எந்தப் பொருளும் ஆய்வு செய்யப்பட வேண்டும். ஆய்வு மிஷின் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. காலையில் கொடுத்த சாப்பாடு தலைமை அலுவலகம் போய், வெடிபொருள் இல்லை என்று முத்திரை குத்தி, ஊசிப்போய் வரும். என் வீட்டுக்காரி காவலாளியை ஒருநாள் பிடித்து உலுக்கிவிட்டாள். அதற்கப்புறம் அவன் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். அவனும் பிள்ளைகுட்டிக்காரன்தான்.

இப்படியே பிரசவம்வரை ஓட்டிவிடலாம் என்று நினைத்தோம். அதற்குள் ஓர் அணில் டிரான்ஸ்பார்மரில் ஏறியது. டமார் என்று ஒரு சத்தம், பாதி ஊருக்குக் கரண்ட் போய்விட்டது. லிப்டில் மாட்டியவர்கள், ஐஸ்கிரீம் கடைக்காரர்கள், பல்லைப் பாதி பிடுங்கிய நிலையில் நின்றுபோன பல் டாக்டர், எல்லாரும் நஷ்டஈடு கேட்டார்கள். கருகிய அணில் அங்கேயே கிடந்தது. காவலாளியே அதை முறத்தில் அள்ளிக் காட்டினான். ஆனால் சட்டப்படி, சம்பவ நேரத்தில் எல்லைக்குள் அனுமதியில்லாமல் இருந்தவர்தான் பொறுப்பு. அனுமதியில்லாமல் இருந்தவள் சாவிக்காரர் பெண்டாட்டி.

அணிலுக்கும்தான் அனுமதிச் சீட்டு இல்லை என்று வக்கீல் வாதாடினார். வாரியத்துக்கு அது நல்ல கேள்வியாகவே பட்டது. ஒரு குழு போட்டு ஆராய்ந்து, சட்டத்தில் 'நபர்' என்றுதான் இருக்கிறது, அணில் நபர் ஆகாது, ஆகவே அணில் அங்கே வந்தது அத்துமீறல் ஆகாது என்று முடிவு சொன்னார்கள். அணிலைக் கௌரவமாக விடுவித்தார்கள். அவள் மேல் நாசவேலை வழக்கு ஏறியது.

சாவிக்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவளை ஜெயிலுக்குக் கொண்டுபோனால் பிள்ளை ஜெயிலில்தானே பிறக்கும் அண்ணே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறக்கட்டுமே, ஜெயிலில் டாக்டராவது இருப்பார் என்று எனக்கு வாய் வரை வந்தது.

நட்ட நடுப்பகலில் அவளுக்கு வலி கண்டது. முன்னாடியே வந்துவிட்டது, நாள் இன்னும் இருந்தது. ஆம்புலன்ஸ் வந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றது. பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் வண்டியை விட்டால் வேலை போய்விடும் என்று டிரைவர் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நர்சு கோட்டின் ஓரத்தில் நின்று, மூச்சை இழுத்துவிடச் சொல்லிக் கத்தினாள். பாதுகாப்பு அதிகாரியும் வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருந்தாரா? உயிர்தான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்பதில் தமக்கு மாற்றுக் கருத்தே இல்லை என்றும், அதனால்தான் உயிர்நாடிக்கு இத்தனை பாதுகாப்பு என்றும், தாய்மையை வாரியம் மதிக்கிறது என்றும் கூடியிருந்தவர்களிடம் பேசினார். உள்ளே அவள் அலறினாள். அவர் நிறுத்தி, அலறல் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

என் வீட்டுக்காரி வெந்நீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். அதிகாரி பெயரைக் கேட்டார். "என் பேரை எங்க வீட்டுக்காரரே சொல்ல மாட்டாரு. நீ யாரு கேக்க?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

சாவிக்காரர் கோட்டின் மேலேயே நின்றார். ஒரு காலை எடுத்து உள்ளே வைக்கப் போனார். எப்படித்தான் தெரிந்ததோ, உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது: "ஏங்க, வராதீங்க. வந்தா உங்களை உள்ள போட்டுருவாங்க. புள்ளைக்கு அப்பா வேணும்." அவர் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். அந்த மனுஷன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தம் வந்ததா இல்லையா என்று எங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டோம், அவ்வளவு மெலிசு. என் வீட்டுக்காரி கதவைத் திறந்து, மூச்சு சரியில்லை, உதடு நீலமாகிறது என்றாள். வெளியே வந்த அவளைக் கையோடு பிடித்து நிறுத்தி வைத்தார்கள். நர்சு பதறினாள். உடனே ஆக்சிஜன் வைக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், குழந்தையைக் கொடுங்கள் என்றாள். பெற்றவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, துணியில் சுற்றிய குழந்தையோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

அதிகாரி கையை உயர்த்தினார்.

"குழந்தைக்கு எந்தத் தடையும் இல்ல. அதுமேல வழக்கே இல்ல. அது தாராளமா வெளிய வரலாம். ஆனா யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஆய்வு செய்யாத பொருளைக் கோட்டுக்கு வெளிய கை மாத்தினா அது கடத்தல்."

"பொறந்த குழந்தை எப்படி சார் தானா வரும்?" என்று கேட்டார் சாவிக்காரர். கத்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அது சுகாதாரத் துறை பார்க்க வேண்டியது" என்றார் அதிகாரி.

அவள் புருஷனைப் பார்த்தாள். வாய்ச்சவடால் எல்லாம் அடங்கிப்போய், ஒரு வார்த்தை பேச மூச்சில்லாமல், குழந்தையை நீட்டினாள். அவர் கோட்டுக்கு மேலே குனிந்து வாங்கிக்கொண்டு ஓடினார். ஓடியது என்ன பெரிய தூரம், ஆம்புலன்ஸ் அங்கேதான் நின்றது. நர்சு கையில் கொடுத்தார். கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் அவரைப் பிடித்துவிட்டார்கள்.

வழக்கு வேகமாக நடந்தது. ஜாமீன் நிபந்தனையை மீறி, முக்கியக் கட்டமைப்புக்குள்ளிருந்து துணியில் சுற்றப்பட்ட, அசைவுள்ள, ஆய்வு செய்யப்படாத பொருள் ஒன்றைப் பெற்றுக் கடத்தினார் என்பது குற்றச்சாட்டு. பொருள் இல்லை, குழந்தை என்று வக்கீல் சொன்னார். ஆய்வு செய்தால்தானே அது குழந்தையா என்று தெரியும், ஆய்வுக்கு முன்பே அனுப்பிவிட்டார்களே என்று அரசு வக்கீல் கேட்டார். நீதிபதிக்கு அது நியாயமாகப் பட்டது. தீர்ப்பு முழுக்கப் பொருள், பொருள் என்றே எழுதினார். ஏழு வருஷம். பெண்டாட்டி வீட்டை விட்டு வரக்கூடாதல்லவா, அதனால் தீர்ப்பைக் கேட்க வரவில்லை. இந்தச் சட்டத்துக் கைதிகளுக்குப் போன் கிடையாது, கடிதம் கிடையாது. எல்லைக்குள் நடந்த முதல் கடத்தலைக் கண்டுபிடித்ததற்காக அதிகாரிக்குப் பதக்கம் கிடைத்தது. விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், ஜெராக்ஸ் பாக்கிக்காக. நான் போகவில்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டது. கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றி ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்துவிட்டார்கள். ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதே. கோட்டுக்குள்ளேயே பிறந்து, அன்றைக்கு உள்ளே இருந்தவர்களில் எல்லையைத் தாண்டி உள்ளே வராத ஒரே ஆள் அந்தக் குழந்தைதான். இப்போது உள்ளே போனால் அதுவும் அத்துமீறல் என்றார்கள். ஆகவே எங்கள் வீட்டில் இருந்தது. பசித்து அழுதால் என் வீட்டுக்காரி தூக்கிக்கொண்டு கோட்டுக்கு ஓடுவாள். அவள் மேலும் ஒரு வழக்கு நடப்பதால் கோட்டை மிதிக்காமல் நிற்பாள். பெற்றவள் அந்தப் பக்கம் கோட்டை ஒட்டி உட்காருவாள். இவள் இந்தப் பக்கமிருந்து குழந்தையைச் சாய்த்துக் காட்டுவாள். அவள் குனிந்து பால் கொடுப்பாள்.

அதிகாரிக்கு இதில் ஒரு சந்தேகம். ஆய்வு செய்யாத திரவம் கோட்டுக்கு வெளியே போகிறது. தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். பதில் வரும்வரை இப்போதைய நிலையே தொடரலாம் என்று ஒரு முறை மட்டும் மனிதத்தன்மையோடு நடந்துகொண்டார். இன்னொன்றும் சொல்ல வேண்டும், பொம்பிளை பால் கொடுக்கிறபோது பார்க்கிற அளவுக்கு அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவள் வந்து உட்கார்ந்ததும், கடத்தலுக்கு அப்புறம் கூடுதலாகப் போட்ட காவலாளிகள் உட்பட எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதிகாரி வந்திருந்தால் அவரும் திரும்பிக்கொள்வார். கோட்டோரம் புதிதாக மாட்டிய கேமராவைப் பார்க்கிறவனும் ஆண் என்பதால் கேமராவையும் மதில் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லி உத்தரவு.

ஒருநாள் மத்தியானம் குழந்தை ரொம்ப நேரம் பால் குடித்தது. திரும்பி நின்றவர்களுக்குக் கால் கடுத்துவிட்டது. கடைசியில் காவலாளி தொண்டையைச் செருமி, "ஆச்சாம்மா?" என்று கேட்டான். பதில் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் மரியாதைக்குப் பொறுத்திருந்துவிட்டுத் திரும்பினான். கோட்டுக்கு இந்தப் பக்கமும் யாரும் இல்லை, அந்தப் பக்கமும் யாரும் இல்லை. என் வீட்டுக்காரி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். விசாரிக்க வந்தவர்களிடம், பச்சைப் பிள்ளையைப் பெற்றவளிடம் விட்டுவிட்டு வந்தேன், அதிலென்ன தப்பு என்று கேட்டாள். என்னிடமும் அதையேதான் சொன்னாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

வாரியம் சாவிக்காரர் பெண்டாட்டியைத் தலைமறைவுக் குற்றவாளி என்று அறிவித்தது. அதே வாரத்தில், எல்லைக்குள் இப்போது அத்துமீறியவர் ஒருவரும் இல்லை, பாதுகாப்பு பூரணம் என்றும் அறிவித்தது. இரண்டையும் ஒரே நாளில் நகல் எடுக்கக் கொடுத்தனுப்பினார்கள்.

சாவிக்காரரைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைப்பதற்குள் வருஷம் திரும்பிவிட்டது. அவரைப் பார்க்கப் போன முதல் ஆள் நான்தான். நடுவில் கம்பிவலை. ஆள் பாதியாகியிருந்தார். பக்கத்தில் ஒரு வார்டன் நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் காணாமல் போன விஷயம் அவருக்கு எட்டியிருந்தது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இங்கே அடித்தார்களாம்.

"எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாது."

"அக்காவுக்கு?"

"தெரியாதுங்கறா."

"யாருக்குமே தெரியலயா?"

"யாருக்கும் தெரியல."

"அப்ப நல்லா இருக்காங்க" என்றார்.

அப்புறம் வார்டனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்கப் போகிறவர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணே, அன்னிக்குத் துணியைப் பிரிச்சுப் பார்க்க நேரமில்ல. கோர்ட்டுலயும் பொருள் பொருள்னுதான் சொன்னாங்க. வக்கீலுக்கும் தெரியல. போலீஸ்காரன்கிட்ட எப்படிக் கேக்கறது, பெத்த அப்பனுக்கே தெரியாதான்னு சிரிப்பானுங்க." கம்பிவலைக்கு முகத்தை ஒட்டி வைத்தார். "பையனா, பொண்ணா?"

"பொண்ணு" என்றேன்.